ஆறு மணி வேலைக்கு ஒரு கம்பளிக் காற்சட்டை

குளிருக்குள் சைக்கிள் ஓடினால் முதலில் விறைப்பது விரல்கள்தான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரலுக்குக் கையுறை இருக்கிறது. இரண்டு சோடி போட்டால் அலுவல் முடிந்தது. காதுக்குத் தொப்பி இருக்கிறது. முழங்காலைப் பற்றித்தான் ஒருவரும் கதைப்பதில்லை. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் முன்னுக்குப் போய்க் காற்றை வாங்குவது முழங்கால்தான். முதலில் வலிக்கும். பிறகு வலியே தெரியாது. அதற்குப் பிறகு சைக்கிளை விட்டு இறங்கினால் கால் மடங்காது. எண்பதுகளின் நடுவில், சுவிஸில் லுசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் எனக்கு வாய்த்த முதல் குளிர்காலத்தில், இந்தப் பாடம் முழுவதையும் ஒரு மாதத்துக்குள் படித்து முடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டும். முதல் பஸ்ஸில் போனால் ஆறு தாண்டிவிடும். நடந்து போவதென்றால் ஆற்றங்கரையோரமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஆகவே சைக்கிள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் திரிந்தவள் நான். ஓடுவதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் அங்கே ஓடியது வெயிலுக்குள். இங்கே டிசம்பர் மாதத்துப் பனிமூட்டம், அதற்குள் ஒரு பாலம், அந்தப் பாலத்தின் மேல் ஆற்றுக் காற்று.

சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சுவிஸ் அம்மா. ஐம்பது வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். அங்கே சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. காலையில் நாங்கள் உள்ளே வரும்போது அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் காலை வணக்கம் சொல்வார், எங்களைப் பார்த்து அல்ல. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி முடியும்வரை எனக்குப் பரீட்சைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் அவர்கள் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். முதல் மூன்று கிழமைக்குள் நான் இரண்டு தரம் பிந்திப் போனேன். இரண்டு தரமும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கால் விறைத்து, இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்ததால் வந்த வினை. இரண்டாம் தரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஜேர்மன் மொழியை ஆறுதலாக, சொல் சொல்லாகப் பேசினார். நான் நன்றாக வேலை செய்கிறேனாம். ஆனால் கிழவர்களுக்குக் கோப்பி ஆறரைக்கு. இன்னொரு தரம் பிந்தினால் வேறு ஆள் எடுப்பாராம்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிழை இருந்தால் வீட்டுக்கு வந்து திட்டவாவது திட்டியிருக்கலாம்.

என் கணவர் லுசேர்னில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பின்னேரம் போனால் நடுச்சாமத்துக்குத்தான் வருவார். "அந்த வேலை போனால் போகட்டும். நீர் வீட்டிலை இரும். இந்தக் குளிருக்குள்ளை ஏன் உமக்கு உந்தக் கரைச்சல்?" என்று அவர் அக்கறையாகத்தான் சொன்னார். வீட்டில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. அறைக்கு ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வந்த புதிதில் ஐந்து மாதம் அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். சமையலறையில் என்னோடு நின்றவர்களின் பாஷை பாதி விளங்காவிட்டாலும், அவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். காசுக்காக மட்டும் அல்ல, எனக்காக வேண்டும். அதை அவருக்கு வாய்விட்டே சொன்னேன்.

ஆகவே காலுக்கு என்ன போடுவது என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் என் யோசனை. முதலில் இரண்டு நைலோன் ஸ்ரொக்கிங்ஸ், அதற்கு மேல் பாவாடை. நைலோன் காற்றை மறிக்காது, ஒரு கிழமையில் கிழிந்தும் போகும். பிறகு கணவருடைய ஜீன்ஸைப் போட்டுப் பார்த்தேன். ஜீன்ஸ் நனையாதவரைக்கும் பரவாயில்லை. பனி விழுந்து நனைந்தால் பலகை. நான் பிந்திப்போன இரண்டு நாளும் ஜீன்ஸ் போட்ட நாள்தான். அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் மழைக்காற்சட்டை போட்டால் காற்று வராது. ஆனால் உள்ளே வேர்த்து, அந்த வேர்வை பாலத்தில் குளிர்ந்து, நனைந்த துணியைச் சுற்றிக்கொண்டு போனது போல இருக்கும்.

லுசேர்னில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். வாங்க அல்ல, படிக்க. விற்கிற பிள்ளை பொறுமையானவள். சைக்கிள் ஓட்டக்காரர்கள் குளிருக்குப் போடுகிற நீளக் காற்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. சிலவற்றுக்கு முழங்காலுக்கு முன்னால் மட்டும் இன்னொரு படை துணி வைத்துத் தைத்திருந்தார்கள், பின்பக்கம் மெல்லிசு. முன்னுக்குக் காற்று, பின்னுக்கு வேர்வை. இரண்டுக்கும் ஒரே துணி சரிவராது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கணுக்காலில் சிப், துணி சங்கிலிக்குள் போகாது. கால் மடக்கிக் குந்திப் பார்க்கச் சொன்னாள். முழங்காலுக்குப் பின்னால் இறுக்கினால் அந்தக் காற்சட்டை சரியில்லையாம், இடுப்பு இறங்கினால் முதுகுக்குள் காற்றுப் போகுமாம். எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விலையைப் பார்த்தபோதே அது எங்களுக்கில்லை என்று தெரிந்துவிட்டது.

பிறகு ப்ரொக்கன்ஹவுஸுக்குப் போனேன். சுவிஸ்காரர் கழித்த சாமான்களை வாங்கி விற்கிற இடம் அது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் இருந்த மேசை, கட்டில், பானை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். விளையாட்டு உடுப்புகள் குவிந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் கையை விட்டபோது அகப்பட்டது அந்தக் காற்சட்டை. கறுப்பு. தடித்த கம்பளிப் பின்னல். உள்பக்கம் மெத்தென்று இருந்தது. முழங்காலுக்கு முன்னால் இரட்டைத் துணி, கணுக்காலில் சிப். இடுப்போடு நிற்காமல் மார்புவரை வந்து தோளில் இரண்டு பட்டி. ஆம்பிளையுடையதுதான், ஆனால் சின்ன ஆம்பிளை. குந்திப் பார்த்தேன், எழும்பிப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் இறுக்கவில்லை. கடைக்காரக் கிழவர் நான் பெட்டிகளுக்கு நடுவில் குந்தி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காற்சட்டைக்கு இரண்டு வில்லங்கம். ஒன்று, தோள்பட்டி. மலசலகூடத்துக்குப் போவதென்றால் மேலே போட்ட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆகவே வேலைக்குப் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிப்பதை விட்டேன். மற்றது, சைக்கிள் சீற்றில் இருக்கிற இடத்தில் உள்பக்கமாக வைத்துத் தைத்திருந்த ஒரு துண்டுத் தோல். சீற் உரஞ்சாமல் இருக்க அதை வைப்பார்களாம். உள்ளே வேறொன்றும் போடாமல் அப்படியே அணிவதுதான் ஓட்டக்காரர் வழக்கமாம். அதை நான் பல வருடத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். நல்லகாலம், பிறகு அறிந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"உதோடை வெளியிலை போகப்போறீரோ?"

"ஓம். ஏன்?"

"காலெல்லாம் அப்பிடியே தெரியுது."

"கால் இருந்தால் தெரியும்தானே."

"பகிடி விடாதேயும். ஸ்ரேசனடியிலை எங்கடை ஆக்கள் நிக்கிறவை. என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். கதைக்கிற சனம் வந்து என்ரை முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்குமோ?"

அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். அப்போது அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால்தான் ஒருவருடைய வீட்டில் தும்மினால் எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு நிலக்கீழ் அறையில் சாமிப்படம் வைத்துப் பூசை செய்வோம். பூசை பத்து நிமிடம் என்றால் அதற்குப் பிறகு கதை இரண்டு மணித்தியாலம். அந்தக் கதைக்குள் தன் மனைவியின் கால் வந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். நான் ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் பயந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் ஊரில் முழங்கால் விறைக்காது.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். காற்சட்டைக்கு மேல் நீளப் பாவாடை கட்டுவது. ஸ்ரேசன் தாண்டிய பிறகு கழற்றிப் பையில் வைப்பது. நான்கைந்து நாள் சரியாக நடந்தது. பிறகொரு நாள் ஸ்ரேசனுக்கு முன்னால், பஸ் தரிப்பிடத்தடியில், அந்தப் பாவாடை சங்கிலிக்குள் போனது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. தரிப்பிடத்தில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்தார்கள். எங்கள் ஆட்கள்தான்.

"அக்கா, அடிபட்டுப்போச்சோ?"

"இல்லைத் தம்பி. உந்தப் பாவாடையை ஒருக்கா இழுத்து விடுங்கோ. எனக்கு ஆறு மணிக்கு வேலை."

ஒருவர் சில்லைப் பின்பக்கமாகச் சுற்ற, மற்றவர் இழுக்க, பாவாடை இரண்டு துண்டாகக் கிழிந்து கையோடு வந்தது. அவர்கள் சைக்கிளையும் சங்கிலியையும் பார்த்தார்களே தவிர, காற்சட்டையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அன்று ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சமையலறைக்குள் நுழைந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு ஒருவர் என் கணவரிடம் சொன்னாராம்: "அண்ணை, அக்காவைப் பாவாடையோடை சைக்கிள் ஓட விடாதேங்கோ. விழுந்து கையைக் காலை முறிக்கப்போறா." வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். பாவாடை அன்றோடு போயிற்று.

காற்சட்டையைப் பராமரிப்பது தனிக் கலை. உள்ளே தைத்திருந்த சின்னச் சீட்டில் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் அதற்குள் ஒரு கையும் கீறியிருந்தது. கையால் தோய்க்க வேண்டும் என்று எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். கம்பளியை ஒவ்வொரு நாளும் தோய்க்கத் தேவையில்லை. உட்புறத்தை வெளியே புரட்டி, யன்னலடியில் காற்றாட விட்டால் மணம் போய்விடும். சனிக்கிழமைகளில் குளியல்தொட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டு, தலைக்கு வைக்கிற ஷாம்பூ கொஞ்சம் போட்டு அமத்தி அமத்தித் தோய்ப்பேன். அடித்துத் தோய்த்து வளர்ந்த கை. முதல் நாள் தொட்டி விளிம்பில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் குழாய் வெடித்துவிட்டதோ என்று கேட்டுக்கொண்டு மேலே வந்தார். பிறகு அடிக்கவில்லை. முறுக்கிப் பிழியவும் கூடாது, இழுபட்டுப் போகும். ஒரு துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, அதன் மேல் முழங்காலால் ஏறி நின்றால் தண்ணீர் எல்லாம் துவாய்க்குள் போய்விடும். பிறகு தட்டையாக விரித்துவிட வேண்டும், ஹீற்றருக்குப் பக்கத்தில் அல்ல.

தோல்தான் வில்லங்கம். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். அதை இளக்க எண்ணெய் வேண்டும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் என்றால் எங்களுக்குத் தேங்காயெண்ணெய்தானே. ஹீற்றரின் மேல் போத்தலை வைத்து உருக்கி, நன்றாகப் பூசி ஊறவிட்டேன். இரவு கை வைத்துப் பார்க்க வெண்ணெய் மாதிரி இருந்தது. காலையில் வெளியே வந்து பாலத்தை அடைவதற்குள் எண்ணெய் தோலுக்குள் உறைந்துவிட்டது. அந்த நாட்டுக் குளிரில் போத்தலுக்குள் கட்டியாகிற எண்ணெய் காற்சட்டைக்குள் மட்டும் உருகி நிற்குமா என்று முதல் நாள் இரவு எனக்கு யோசனை வரவில்லை. மெழுகுதிரியின் மேல் இருந்து ஓடிய மாதிரி வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன்.

நான் நொண்டி நொண்டி நடப்பதைச் சமையலறை அம்மா பார்த்தார். எப்படிச் சொல்வது? "தோல்" என்றேன், "எண்ணெய்" என்றேன், இருக்கிற இடத்தைக் கையால் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போய் ஒரு தகரப் பேணி கொண்டுவந்து தந்தார். மாட்டின் படம் போட்டிருந்தது. பால் கறக்கிறவர்கள் பசுவின் மடியில் வெடிப்பு வராமல் பூசுகிற களிம்பாம். இல்லத்தில் கிழவர்களின் குதிக்காலுக்குப் பூச வைத்திருந்தார்கள். எந்தக் குளிருக்கும் அது இறுகவில்லை. கணவர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரிலை மாட்டுக்குக்கூட உப்பிடி ஒண்டு பூசினதில்லை. நீர் குடுத்து வைச்சனீர்," என்றார். அந்தக் காற்சட்டையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

ஜனவரி முழுவதும் நான் ஒரு நாளும் பிந்தவில்லை.

பெப்ரவரியில் பீஸ என்கிற வடகீழ்க் காற்று தொடங்கியது. பனிமூட்டத்தை அடித்துக் கொண்டுபோய்விட்டு, வானத்தைக் கழுவின மாதிரி வைத்துவிட்டு, தோலை உரிக்கிற காற்று அது. அந்தக் கிழமையில் எனக்கொரு விடுமுறை நாள் வந்தது. எங்கள் தோய்க்கும் முறையும் அன்றுதான். அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாருக்கும் நிலக்கீழ் அறையில் ஒரே மெஷின். இரண்டு கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டுக்கு அந்த அறைப் பூட்டின் திறப்பு வரும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த தரம் வரும்வரை ஊத்தை உடுப்புத்தான். ஆனால் அன்றைக்கே வதிவிட பெர்மிற் விஷயமாக லுசேர்னுக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

"நீர் போட்டு வாரும். உடுப்பை நான் பாக்கிறன்," என்றார் கணவர்.

நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். கலியாணம் கட்டி மூன்று வருடம். என் உடுப்பு ஒன்றை அவர் தோய்த்ததில்லை. அவர் என்றில்லை, எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளையும் அப்படிச் செய்து நான் காணவில்லை. ஹோட்டலில் ஊரார் கோப்பையை எல்லாம் கழுவுவார், அது வேலை. வீட்டில் பெண்சாதியின் உடுப்பைத் தோய்ப்பது வேறு. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். காற்சட்டை யன்னலடியில் காற்றாடிக்கொண்டு இருந்தது. அதைத் தொட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. தோய்க்கிற ஆளுக்குத்தானே அதெல்லாம் சொல்ல வேண்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தேன். உடுப்புகளை எடுத்து வருவோம் என்று நேரே கீழே போனேன். கொடியில் வெள்ளைத் துணிகள் நிரைக்குத் தொங்கின. கடைசியில், இரண்டு கவ்வியில் தோள்பட்டி மாட்டி, ஒரு சின்னப் பிள்ளையின் காற்சட்டை தொங்கியது. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கணுக்கால் சிப்பைக் கண்டேன்.

அதைக் கழற்றிக்கொண்டு படியேறி மேலே போனேன். அவர் வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இதென்ன?"

அவர் அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். இழுபடவில்லை. கம்பளி கம்பளியாக இல்லை. அமத்தி இறுக்கின தடிச்ச மட்டை மாதிரி இருந்தது. நல்ல உறுதி. நீளம் என் முழங்கால்வரை.

"மெஷினுக்குள்ளை போட்டனான்."

"எத்தினை டிகிரியிலை?"

"உள்ளதிலை கூடினதிலை. சேறெல்லாம் கிடந்தது, அந்த மாட்டுப் பசை வேறை. அவிச்சால்தானே ஊத்தை போகும்?"

ஊரில் எங்கள் வெள்ளை உடுப்புகள் எல்லாம் வெள்ளாவியில் அவித்துத்தான் வரும். அவித்தால் சுத்தம் என்பது அவருடைய மூளையில் இருந்த ஒரே ஒரு தோய்ப்பு விதி. அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்? உங்களுக்கு முதல் நாளிலை இருந்தே உது பிடிக்கேல்லை. நான் வேலைக்குப் போறதும் பிடிக்கேல்லை. நேரை சொல்லப் பயத்திலை அவிச்சுப் போட்டீங்கள்."

"விசர்க்கதை கதையாதேயும்."

"நாளைக்கு நான் என்னத்தைப் போட்டுக்கொண்டு போறது? பிந்தினால் அவ வேறை ஆள் எடுப்பா. அதுதானே உங்களுக்கு வேணும்."

அவர் சப்பாத்து நாடாவைக் கட்டாமல் அப்படியே இருந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "நீர் போன கையோடை, கீழை ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்துப் போய்த் தோய்ச்சனான். உம்மடை உடுப்பைத் தோய்க்கிறன் எண்டு ஆரும் கண்டால் பகிடி பண்ணுவினம் எண்டு. நல்லது செய்வம் எண்டுதான் செய்தனான்." அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் அந்தக் காற்சட்டையை எறிந்தேன். அது சுவரில் பட்டு, மடங்காமல், நின்ற நிலையில் விழுந்தது.

ப்ரொக்கன்ஹவுஸ் அன்றைக்குப் பூட்டு. விளையாட்டுச் சாமான் கடைக்குப் போவதற்கு மாதக் கடைசி இடம் தரவில்லை. வானொலியில் காற்று இன்னும் கூடும் என்றார்கள். ஜீன்ஸை எடுத்துக் கட்டிலில் போட்டேன். முன்பு இரண்டு தரம் என்னைக் கவிழ்த்த அதே ஜீன்ஸ். அன்றைக்குக் கத்தினதற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை; ஆனால் அன்று பின்னேரம் அழுதேன். வேலை போகப்போகிறது, நாளையிலிருந்து அந்தச் சுவர்தான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

காலையில் மணிக்கூடு அடித்து எழும்பினபோது குசினியில் வெளிச்சம் தெரிந்தது. நடுச்சாமத்துக்கு வேலையால் வந்த மனிசன், எனக்கு முதல் எழும்பி, தேத்தண்ணியும் போட்டு வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். பக்கத்தில் அவருடைய கம்பளி நீள உள்காற்சட்டை, அவர் வீட்டில் உடுக்கிற பழைய கட்டம்போட்ட சாரம் நீளம் நீளமாகக் கிழித்தபடி, தபால்பெட்டிக்குள் வந்த ஜேர்மன் பேப்பர் ஒரு கட்டு.

"உதைப் போட்டிட்டு இதிலை இரும்," என்றார் கதிரையைக் காட்டி.

அவருடைய உள்காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். எனக்கு இன்னும் கோபம். அவர் பேப்பரை மடித்து, என் தொடையில் இருந்து முழங்கால் தாண்டும்வரை முன்பக்கமாக வைத்தார். பிறகு என் குதிக்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாரத் துண்டால் கணுக்காலில் இருந்து சுற்றத் தொடங்கினார்.

நான் காலை இழுத்தேன். பெண்சாதியின் காலைப் புருஷன் தொடுவது எங்களில் இல்லை. அது எனக்குத்தான் பாவம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

"காலைத் தொடாதேங்கோ. விடுங்கோ, நான் சுத்துறன்."

"பேசாமல் இரும். நேரம் போகுது." காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஹோட்டல் சவர்க்காரத்தில் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது.

அவருக்குச் சுற்றத் தெரியாது. முதல் தரம் கட்டினபோது முழங்காலை மடக்கவே முடியவில்லை. "பின்னாலை இறுக்காதேங்கோ, முன்னுக்கு மட்டும் தடிப்பாய் இருக்கட்டும்," என்றேன். அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினார். "மடக்கிப் பாரும்." மடக்கினேன். "இன்னொருக்கா." மடக்கினேன். பேப்பர் சரசரத்தது. அதற்கு மேல் அவருடைய அகலமான வேலைக் காற்சட்டையைப் போட்டு, கணுக்காலில் கயிறு கட்டி, சைக்கிளையும் அவரே கீழே இறக்கித் தந்தார். "பாலத்திலை இறங்காதேயும். இறங்கினால் விறைச்சிடும்," என்றார். அதுவும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பாலத்தில் அந்தக் காற்று என்னைச் சைக்கிளோடு பக்கத்துக்குத் தள்ளியது. கண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது. அது காற்றால் வந்த கண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலிக்கத் தொடங்குகிற இடம் எனக்குத் தெரியும், ஒரு மின்கம்பத்தடி. அந்தக் கம்பமும் போனது. முழங்கால் என்னுடையதாகவே இருந்தது. நான் இறங்கவில்லை.

உடுப்பு மாற்றுகிற அறையில் வேலைக் காற்சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத் துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு இருந்தேன். விரல் விறைத்து முடிச்சு வரவில்லை. சமையலறை அம்மா உள்ளே வந்தார். நான் அவசரமாக மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, முழங்காலில் சாரத் துண்டுக்கு வெளியே தெரிந்த பேப்பரை வாசித்தார்.

"இது போன கிழமைப் பேப்பர்," என்றார்.

முடிச்சை அவரே அவிழ்த்தார். சாரத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஹீற்றரின் மேல் விரித்துவிட்டார், திரும்பிப் போகும்போது சூடாக இருக்கட்டும் என்று. யார் கட்டியது என்று கேட்டார். "என் கணவர்" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான். கோப்பி ஆறரைக்குப் போனது.

அடுத்த நான்கு நாளும் அதே சாரம், அதே பேப்பர், அதே கதிரை. ஒவ்வொரு காலையும் அவர் எழும்பினார். நான் காலை இழுப்பதை விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் ப்ரொக்கன்ஹவுஸ் திறந்தபோது அவரே போய் வேறொரு காற்சட்டை கொண்டுவந்தார். கடைக்குள் குந்தி எழும்பிப் பார்த்தாராம். பெப்ரவரியின் கடைசி நாள் வேலை முடிந்து வெளிக்கிட்டபோது சமையலறை அம்மா என்னைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து அல்ல, சொன்னார்: "மார்ச்சிலும் ஆறு மணிதான்."

அவிந்துபோன காற்சட்டையை நான் வீசத்தான் இருந்தேன். நல்ல கம்பளி என்று அவர் மறித்து, ஒரு பெட்டியில் போட்டு மேலே வைத்தார். அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு நான்கு வயது நடந்த குளிர்காலத்தில், பனியில் விளையாடப் போட என்ன இருக்கிறது என்று தேடியபோது அந்தப் பெட்டி அகப்பட்டது. போட்டுப் பார்த்தோம். தைத்து எடுத்த மாதிரி இருந்தது. கணவர் நிலத்தில் இருந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துச் சிப்பை இழுத்துவிட்டு, "மடக்கிப் பாரும்" என்றார். அவள் மடக்கிக் காட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதை அவர்தான் தோய்த்தார், பச்சைத் தண்ணீரில். முதல் நாள் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டு விரலை விடச் சொன்னார். விரித்துவிடக் கொண்டுபோகும்போது நிலக்கீழ் அறையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

அந்த வருடத்து ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். எங்கள் சனம் நிறைய. ஒரு அண்ணை அவளைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏனப்பா உந்த மாதிரிக் காற்சட்டை? ஆர்ரை உது?"

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் பிள்ளையின் தோள்பட்டியைச் சரிப்படுத்திக்கொண்டே சொன்னார்:

"தாயின்ரை, அண்ணை. நான்தான் தோய்ச்சு இவவுக்கு அளவாக்கினனான்."